பள்ளியும் பள்ளியறையும்



நவராத்திரி அண்மிக்கும் இவ்வேளையில், நம் ஆலயத்துக்கு வரும் ஆசிரியர்களைப் பற்றிப் பேச விரும்புகிறோம். நம் அங்கத்தவர் குடும்பங்களில் ஆசிரியத் தொழில் பார்ப்போர் பலர். அவர்களுள் சிலர் கிழமையில் ஐந்து நாளும் ஆங்கிலப் பாடசாலையில் நின்றுவிட்டு, சனிக்கிழமை காலை நம் தமிழ்ப் பள்ளிக்கும் வந்து வேதனம் எதுவும் பெறாமல் படிப்பிக்கிறார்கள். அவர்களை நாம் நன்கு அறிவோம் என்று எண்ணுகிறோம். அவர்களுடைய ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதை அறிந்தவர்கள் நம்மில் குறைவு.

ஊரிலே வாணி விழா என்றால் பாடசாலை முழுவதும் விழாக்கோலம் கொள்ளும். அவலும் கடலையும் கரும்பும் வந்து இறங்கும். ஆசிரியர்களே முன்னின்று கும்பம் வைப்பார்கள். இங்கிலாந்தில் அந்த நாள்கள் பெரும்பாலும் முதலாந் தவணையின் நடுவே வந்து விழுகின்றன. அரைத்தவணை விடுமுறைக்கு இன்னும் சில கிழமை இருக்கும். கலைமகள் பூசைக்கு ஆசிரியை ஒருவர் மாலை ஆறரை மணிக்கு மேல் ஓடிவருகிறார். சப்பாத்துத் தட்டுக்கு அருகில் ஒரு பெரிய பையை வைத்துவிட்டு உள்ளே வருகிறார். அந்தப் பைக்குள் முப்பது கொப்பிகள். காலையில் மணி அடிக்குமுன் அவற்றைத் திருத்தி முடிக்க வேண்டும்.

பூசையில் அடுக்கிய நூல்களை விசயதசமி காலை வரை எடுத்துப் படிப்பதில்லை என்பது நம் வழக்கம். இந்த வழக்கத்தைக் கைக்கொள்ளுமாறு பிள்ளைகளை யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை! ஆனால் நூல்களோடு நாள் முழுதும் போராடுகிறவர் இங்கே நிற்கும் ஆசிரியை. அவருடைய பை மட்டும் வாசலில் காத்திருக்கிறது. எல்லோரும் ஏட்டை இறக்கி வைக்கும் நாளில் அவர் எதை இறக்கி வைப்பது?

"ஆசிரியருக்கு என்ன குறை, ஆண்டுக்குப் பதின்மூன்று கிழமை லீவு" என்று நம்மவர்களே அன்னதான வரிசையில் நின்று பேசுவது உண்டு. இங்குள்ள அரசுப் பாடசாலை ஆசிரியர்களின் சேவை நிபந்தனைகளில் வழமையாக 195 நாள், 1265 மணித்தியாலம் என்று கணக்கு இருக்கிறது. இது தலைமை ஆசிரியர் பணிக்கக்கூடிய நேரத்தின் எல்லை. அந்தக் கணக்குக்குக் கீழே இன்னொரு வாசகமும் உண்டு. கடமையைச் சரிவரச் செய்வதற்குத் தேவையான நியாயமான மேலதிக நேரமும் உழைக்க வேண்டும் என்பது அது. அந்த மேலதிகத்துக்கு எண் எதுவும் எழுதப்படவில்லை. எண் எழுதாத அந்த இடத்திலேதான் ஆசிரியரின் ஞாயிற்றுக்கிழமை மாலைகள் போகின்றன. பாட ஆயத்தத்துக்கும் திருத்தலுக்கும் கற்பித்தல் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்ற விதி 2005 இல் வந்தது. நல்ல விதி. முப்பது பிள்ளைகளுக்கு ஆண்டறிக்கை எழுதும் கோடை மாதங்களில் அந்தப் பத்தில் ஒன்று எந்த மூலைக்கு?

இதனோடு மைதானக் காவல், பெற்றோர் சந்திப்பு, பரிசோதகர்கள் எப்போது வருவார்களோ என்ற நினைப்பு, சாப்பிடாமல் வந்த பிள்ளை, வீட்டில் சண்டை நடந்ததால் யாரோடும் பேசாமல் இருக்கும் பிள்ளை. கொப்பியைப் பையில் போடலாம். அந்தப் பிள்ளையின் முகத்தை எதில் போட்டு மூடுவது? விடுமுறை தொடங்கிய முதல் இரண்டு நாளும் காய்ச்சலில் கிடந்ததாகப் பல ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதுவரை உடம்பு பொறுத்திருந்ததாம்.

இதைவிட நமக்குக் கவலை தருவது வேறொன்று. விடுமுறையில் சும்மா இருந்தால் இவர்களுக்கு மனம் குறுகுறுக்கிறது. ஓய்வு எடுப்பது ஏதோ களவு செய்வது போலத் தோன்றுகிறது. இந்த மனக்குறைக்குச் சைவம் சொல்லும் மறுமொழி ஒன்று உண்டு. அதைச் சொல்லவே இத்தனை தூரம் வந்தோம்.

இறைவன் ஐந்தொழில் புரிகிறான் என்று சிறுவயதில் மனப்பாடம் செய்தோம். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். அழித்தல் எப்படி அருளாகும் என்று இங்கு பிறந்த பிள்ளைகள் சமய வகுப்பில் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சிவஞான சித்தியார் இதற்குத் தெளிவான விடை தருகிறது. பிறந்தும் இறந்தும் வினைகளை நுகர்ந்தும் களைத்துப்போன உயிர்களை இளைப்பாற்றுவதே சங்காரம் என்கிறது அந்நூல். சினத்தினால் செய்வதன்று. பகல் முழுதும் விளையாடிக் களைத்து அழும் குழந்தையைத் தாய் தூக்கிப்போய் விளக்கை அணைத்துக் கிடத்துகிறாள். குழந்தை அதைத் தண்டனை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழும். மறுநாள் அது புதிய உடம்போடு எழும்புவதற்காகவே அவள் விளக்கை அணைத்தாள்.

இன்னும் ஒருபடி மேலே போகலாம். மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதத்தில் பன்னிரண்டு சூத்திரங்கள். முதற் சூத்திரத்திலேயே, உலகத்தை ஒடுக்குகிறவன் எவனோ அவனே முதற்கடவுள் என்று நிறுவுகிறார். தோற்றுவிப்பதை வைத்து அல்ல, ஒடுக்கத்தை வைத்தே தலைவனை அடையாளம் காட்டுகிறார். ஓய்வு கொடுக்கிறவனே உரிமைக்காரன். அப்படியானால் ஓய்வு என்பது வேலைக்கு இடையில் கள்ளமாய்ப் புகுந்த ஒன்றாக இருக்க முடியாது.

நம் ஆலயக் கிரியைகளிலும் இதைக் காணலாம். அர்த்தசாமப் பூசை முடிந்ததும் சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்து, பால் நிவேதித்து, தாலாட்டிக் கதவு சாத்துகிறோம். இறைவனுக்கு உறக்கம் ஏது? ஆயினும் ஆகமம் வகுத்த ஒழுங்கில் அந்த நேரத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது. கதவு சாத்திய பிறகு ஓர் அர்ச்சனைச் சீட்டை நீட்டி, "ஐயா, இது ஒன்றுதான்" என்று எவரும் குருக்களைக் கேட்பதில்லை. இரவு பத்தரை மணிக்குத் தமிழ்ப் பள்ளி ஆசிரியைக்கு வட்ஸ்அப்பில் "ரீச்சர், ஒரு சின்ன விசயம்" என்று எழுதுகிறவர்கள் இதைச் சற்று யோசித்துப் பார்க்கலாம். தமிழில் பள்ளி என்ற சொல் படிக்கும் இடத்தையும் குறிக்கும், படுக்கும் இடத்தையும் குறிக்கும். சொல்லாராய்ச்சிக்குள் நாம் இறங்கவில்லை. இரண்டும் ஒரே சொல்லுக்குள் பகையின்றி இருக்கின்றன என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

சிவஞான சித்தியார் எழுதிய அருணந்தி சிவாசாரியாரும் ஓர் ஆசிரியர். சகலாகம பண்டிதர் என்பது அவருக்கு இருந்த பெயர். மாணாக்கர் பலருக்குப் பாடம் சொன்னவர், மெய்கண்டாரின் தந்தையாருக்குக் குலகுரு. திருவெண்ணெய்நல்லூரில் ஒரு சிறுபிள்ளை பெரியவர்களுக்கெல்லாம் ஞானம் உபதேசிக்கிறது என்று கேள்விப்பட்டுப் பொறுக்காமல் புறப்பட்டுப் போனார். ஆணவ மலத்தின் சொரூபம் யாது என்று அந்தப் பிள்ளையைக் கேட்டார். பிள்ளை வாய் திறக்கவில்லை. கேட்டவரை அடிமுதல் முடிவரை ஒருமுறை நோக்கினார். நீர் நிற்கும் இந்த நிலையே அது என்பது அந்தப் பார்வையின் பொருள். பண்டிதர் அவ்விடத்திலேயே பிள்ளையின் காலில் விழுந்து மாணாக்கரானார் என்பது நம் மரபு. பிறகே அருணந்தி என்ற பெயர் வந்தது, சித்தியாரும் வந்தது.

எல்லாம் அறிந்தவர் என்ற சுமையை அவர் அன்று இறக்கி வைத்தார். இளைப்பாற்றல் என்ற சொல்லுக்குப் பொருள் எழுத அவரைவிடத் தகுதியானவர் யார்? நான் ஒருநாள் போகாவிட்டால் அந்த வகுப்பு என்ன ஆகும் என்ற எண்ணம் நல்ல ஆசிரியர் எல்லோருக்கும் வரும். அதில் அன்பும் இருக்கிறது, ஆணவத்தின் மெல்லிய நிழலும் இருக்கிறது. ஆனால் வேலைப்பளு முழுவதையும் ஆணவத்தின் கணக்கில் எழுதுவது அநியாயம். ஆளைக் குறைத்து வேலையைக் கூட்டிய இடத்தில் தியானம் செய்யச் சொல்லிப் பயனில்லை. அங்கே தொழிற்சங்கத்திடம்தான் போக வேண்டும்.

நன்றி என்பதும் அந்தக் கதையிலேயே இருக்கிறது. அங்கே ஆசிரியர் பிள்ளைக்கு நன்றி செலுத்தினார். நம் ஆசிரியர்களிடம் தனியே கேட்டுப் பாருங்கள். சம்பளத்தைப் பற்றியோ பாராட்டுக் கடிதத்தைப் பற்றியோ பேசமாட்டார்கள். ஆறு மாதம் வாய் திறக்காத பிள்ளை ஒருநாள் கையை உயர்த்தியதைச் சொல்வார்கள். "ழ" வராத நாக்கில் "பழம்" வந்த சனிக்கிழமையைச் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் களைப்புத் தெரிவதில்லை. படுக்கப் போகுமுன் அப்படி ஒன்றையாவது நினைத்து எம்பெருமானுக்கு நன்றி சொல்வது, அந்த நாளுக்கான அர்த்தசாமப் பூசை.

பெற்றோர் செலுத்தும் நன்றியோ சூலை மாதத்தில் வருகிறது. தேநீர்க் குவளையும் சொக்லேற் பெட்டியும். குரு பூர்ணிமையும் பெரும்பாலும் அதே மாதத்தில் வருவதால் குற்றம் சொல்ல மாட்டோம். ஆனால் ஓர் ஆசிரியர் வீட்டில் எத்தனை குவளைதான் அடுக்குவது? பிள்ளை தன் கையால், இன்ன நாள் இன்னதைச் சொல்லித் தந்தீர்கள் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் அதை அவர்கள் ஆண்டுக் கணக்கில் வைத்திருப்பார்கள். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வகுப்பு முடியும் என்றால் பன்னிரண்டுக்கே வந்து பிள்ளையைக் கூட்டிச் செல்வதும் நன்றிதான். அதற்குக் காசு செலவில்லை.

ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த பாடசாலையில் ஆசிரியராக இருந்துகொண்டே, 1847 இறுதியிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் செய்தார். பகலில் வேதனத்துக்கு ஒரு பணி, மாலையில் சமயத்துக்கு ஒரு பணி. இரண்டையும் சேர்த்துச் சுமந்த காலம் நீளவில்லை. 1848 இல் வேதனப் பதவியை விட்டுவிட்டு வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையை நிறுவினார். நம் சனிக்கிழமை ஆசிரியர்களுக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை. வீட்டுக் கடன் இருக்கிறது. இரண்டு சுமையையும் அவர்கள் தொடர்ந்து சுமக்க வேண்டுமானால் ஒன்றின் பாரத்தை நாம்தான் குறைக்க வேண்டும். நாளை ஒருவர் "இனி முடியாது" என்று திறப்பைக் கொண்டுவந்து தந்தால், அவருடைய இடத்தில் நிற்க நம்மிடம் வேறு ஆள் இல்லை.

ஆகையால் நிர்வாக சபையின் சம்மதத்தோடு சிலவற்றை அறியத் தருகிறோம். ஒக்டோபர் அரைத்தவணைக் கிழமையில் தமிழ்ப் பள்ளி நடைபெறாது. அந்த நாள்களில் ஆசிரியர்களைக் கூட்டத்துக்கோ கலைநிகழ்ச்சி ஒத்திகைக்கோ அழைக்க மாட்டோம். பள்ளி சம்பந்தமான விசாரணைகளை அலுவலகத் தொலைபேசிக்கே எடுங்கள். கலைமகள் பூசையன்று ஏடுகள் அடுக்கும் மேசையில் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருப்போம். ஆசிரியர்கள் தங்கள் கொப்பிப் பையை வாசலில் வைக்காமல் உள்ளே கொண்டுவந்து அம்பாளின் முன் வைக்கலாம். தீபாராதனை முடிந்து பிரசாதம் எடுக்கும் வரையாவது அது அங்கே இருக்கட்டும். அன்று முதற்பந்தியில் அமர்பவர்கள் ஆசிரியர்கள். பரிமாறப் பெற்றோர்கள் ஆறு மணிக்கே வந்து சேருமாறு கேட்டுக்கொள்கிறோம். இலை போடுவதற்குப் பிள்ளைகளும் வரலாம்.