வண்டி உன்னுடையது, பிரேக் யாருக்காக?

ஒருவர் வீட்டு முற்றத்திலே, தன் சொந்தக் கையாலே, முதல் தடவையாகத் தன் காருக்கு பிரேக் பேட் மாற்றுகிறார். அது சரியா, தப்பா? “இதுல என்ன பிரதர் சரி, தப்பு? ஸ்பேனர் இருக்கு, பேட் கடையில கிடைக்குது, மாத்த வேண்டியதுதானே!” என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுமையாய் வாசியுங்கள். இந்தச் சின்ன வேலைக்குள்ளே ஒரு பெரிய கேள்வி இருக்கிறது.

முதலாவது வேலையைப் பார்ப்போம். ஆல்டோ, வேகன்ஆர் போன்ற சிறிய கார்களிலே முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், பின் சக்கரங்களுக்கு டிரம் பிரேக். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புத் தட்டு. அதன் இரண்டு பக்கமும் இரண்டு பேட்கள். நாம் பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயில் ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் அந்த பேட்களை டிஸ்க்கின்மேல் இறுக்குகிறது. வேகமெல்லாம் சூடாய் மாறி, வண்டி நிற்கிறது. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் பேட் கொஞ்சம் தேய்கிறது. புதிதாய் இருக்கும்போது சுமார் 10 மில்லிமீட்டர் கனம். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பல பேட்களில் ஒரு சின்ன இரும்புத் தகடு வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கிலே உரசி ‘கீச்’ என்று சத்தம் போட்டு எச்சரிக்கும்.

மாற்றுவது எப்படி? சமதரையிலே நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, வீல் நட்டுகளை லேசாய்த் தளர்த்திவிட்டு, அதற்குப் பிறகுதான் ஜாக்கி போட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைக்க வேண்டும். பிறகு சக்கரத்தைக் கழற்றி, காலிபர் போல்ட்டைக் கழற்றி, பழைய பேட்களை எடுத்து, வெளியே வந்திருக்கிற பிஸ்டனை உள்ளே தள்ளி, புதிய பேட்களை வைத்து, காலிபரை மறுபடியும் பூட்ட வேண்டும். பேட்டின் முகத்திலும் டிஸ்க்கிலும் கிரீஸ் படக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது. முன் சக்கரம் இரண்டுக்கும் மாற்ற வேண்டும். கைவேலை பழகினவர் ஒரு மத்தியானத்திலே முடித்துவிடலாம்.

இதிலே ஒரு காரியத்தைக் கவனியுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளினோம் அல்லவா? இப்போது பிஸ்டனுக்கும் பேட்டுக்கும் நடுவிலே இடைவெளி. பேட் புதிது, போல்ட் எல்லாம் இறுக்கம், பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் முதல் மிதியிலே பெடல் அடிவரைக்கும் போய்விடும், வண்டி நிற்காது! ஆகவே வண்டியை நகர்த்துவதற்கு முன்னே, நின்ற இடத்திலேயே, பெடல் கெட்டியாகும்வரைக்கும் பல தடவை மிதிக்க வேண்டும். இதை அறியாமல் ஒருவர் வண்டியை ரிவர்ஸ் எடுத்தால்? பின்னாலே தெருவில் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைக்கு இதெல்லாம் தெரியுமா?

இங்கேதான் அந்தப் பெரிய கேள்வி வருகிறது. வீட்டுக் குழாயைத் தப்பாய்ப் பூட்டினால், நம் வீட்டிலேதான் தண்ணீர் ஒழுகும். பிரேக்கைத் தப்பாய்ப் பூட்டினால் அடிபடுகிறவர் யாரோ ஒருவர்! 60 கிலோமீட்டர் வேகத்திலே போகிற வண்டி ஒரே வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நாலு மடங்காகிறது. அந்தத் தூரத்திலே ரோட்டைக் கடக்கிற பாட்டியம்மாவிடம், “அம்மா, நான் முதல் தடவையாக பிரேக் மாத்தியிருக்கேன், உங்க மேல சோதிச்சுப் பார்க்கட்டுமா?” என்று நாம் அனுமதி கேட்டோமா? வண்டி நம்முடையது, செலவு நம்முடையது. ஆனால் பிரேக் அந்த அம்மாவுக்காக இருக்கிறது.

காரியம் தப்பாய்ப் போனால் மனுஷன் சொல்லுகிற சாக்குகள் மூன்று. ஒவ்வொன்றாய் நிதானித்துப் பார்ப்போம்.

முதலாவது சாக்கு: “நல்ல மனசோடதான் செய்தேன்.” இங்கிலாந்து தேசத்திலே கிளிஃபோர்டு என்ற கணித அறிஞர் 1877-ஆம் ஆண்டு ‘த எதிக்ஸ் ஆஃப் பிலீஃப்’ என்ற கட்டுரையை எழுதினார். அதிலே ஒரு கப்பல் முதலாளியைக் குறித்துச் சொல்லுகிறார். கப்பல் பழையது. பழுதிருக்குமோ என்று அவனுக்குச் சந்தேகம். சோதித்துப் பார்த்தால் செலவாகும். “இத்தனை புயலைத் தாண்டி வந்த கப்பல்தானே, இந்தத் தடவையும் போய்வரும்” என்று மனதைத் தேற்றி, நிஜமாகவே நம்பி, ஜனங்களை ஏற்றி அனுப்பிவிட்டான். நடுக்கடலிலே கப்பல் மூழ்கிப்போனது. அவன் நம்பினது பொய்யல்ல. ஆனால் அப்படி நம்ப அவனுக்கு உரிமை இல்லை என்கிறார் கிளிஃபோர்டு. ஏனென்றால் சோதித்துப் பார்த்து வந்த நம்பிக்கை அல்ல அது. சந்தேகத்தை அமுக்கி வந்த நம்பிக்கை. இன்னொன்றும் சொல்லுகிறார்: அந்தக் கப்பல் பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளிதான்! கிளிஃபோர்டு தேவ நம்பிக்கையை விட்டுப்போனவர். ஆனாலும் இந்த வார்த்தை நம்மைக் குத்தவில்லையா? “ஒண்ணும் ஆகலையே” என்பது நாம் செய்தது சரி என்பதற்குச் சாட்சி அல்ல.

இரண்டாவது சாக்கு: “எனக்குத் தெரியாதே.” நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம், 1988, அதன் 190-ஆம் பிரிவைப் பாருங்கள். ஆபத்தான பழுதோடு வண்டியைப் பொது இடத்திலே ஓட்டுகிறவனைக் குறித்து அது பேசுகிறது. பழுதை அறிந்தவன் மட்டுமல்ல, சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் அறிந்திருக்கக் கூடியவனும் அதிலே அடங்குவான். தெரியாமல் இருப்பது ஒரு காரியம். தெரிந்துகொள்ள முடிந்தும் தெரிந்துகொள்ளாமல் இருப்பது வேறொரு காரியம். ‘கீச்’ சத்தம் கேட்டபோது பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தவர், “தெரியாது” என்று சொல்ல முடியுமா?

மூன்றாவது சாக்கு நமக்கு மிகவும் பழக்கமானது: “ஜெபம் பண்ணிட்டுத்தானே பிரதர் எடுத்தேன்!” உபாகமம் 22-ஆம் அதிகாரம், 8-ஆம் வசனத்தை எடுத்து வாசியுங்கள். புதுவீடு கட்டுகிறவனுக்கு அங்கே ஒரு கட்டளை இருக்கிறது. அக்காலத்திலே மொட்டைமாடியிலே ஜனங்கள் நடமாடுவார்கள். ஒருவரும் விழுந்து இரத்தப்பழி வராதபடி, மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும். வீடு அவனுடையது, விழக்கூடியவனோ இன்னொருவன். ஆகவே சுவர் கட்டுகிற கடமை வீட்டுக்காரனுக்கு! ஒருவரும் விழாதபடி ஜெபம் பண்ணினால் போதும் என்று அங்கே சொல்லவில்லை. ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜெபித்த கையே சுவரையும் கட்டட்டும் என்கிறேன்.

“அப்படின்னா வீட்டுல செய்யவே கூடாதா? மெக்கானிக்கிட்ட கொடுத்துட்டா நம்ம பொறுப்பு தீர்ந்துதா?” என்று கேட்பீர்கள். இல்லை, பிரியமானவர்களே! அவசரத்திலே ஐந்து வண்டியை ஒன்றாய்ப் பார்க்கிற ஒர்க்‌ஷாப்பிலும் போல்ட் தளர்ந்திருக்கலாம். வீட்டிலே நிதானமாய்ச் செய்கிறவர் அதைவிடச் சரியாய்ச் செய்யவும் கூடும். கைத்தொழில் தெரிந்த எல்லாருக்கும் ஒரு முதல் தடவை உண்டு. ஆனால் நல்ல மெக்கானிக்கின் முதல் தடவையிலே பக்கத்தில் ஒரு மேஸ்திரி நின்றார். அவன் பூட்டின போல்ட்டை அவர் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். முதல் தடவை செய்கிறவன் மற்றவனுக்குக் கடன்பட்டிருப்பது திறமை அல்ல. திறமை வர நாளாகும். அவன் கடன்பட்டிருப்பது இரண்டு: தன் வேலையைச் சோதனைக்கு உட்படுத்துவது, தெரியாத இடத்திலே நின்றுவிடுவது.

ஆகையால் செல்போனிலே ஒரு வீடியோ பார்த்ததோடு திருப்தி அடையாதிருங்கள். அனுபவமுள்ள ஒருவரைக் கூப்பிட்டு, “அண்ணே, நான் பூட்டினது சரியா, பாருங்க” என்று கேளுங்கள். அது வெட்கம் அல்ல. பெடல் கெட்டியாகும்வரைக்கும் மிதியுங்கள். பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். சக்கரம் தரையிலே நின்ற பிறகு வீல் நட்டுகளை இன்னொரு தடவை இறுக்குங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்திலே முதலாவது மெதுவாய் ஓட்டி நிறுத்திப் பாருங்கள். புதிய பேட் டிஸ்க்கோடு பழகக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். அதுவரைக்கும் முன்வண்டிக்கு அதிக இடைவெளி விடுங்கள்.

கடைசியாக ஒன்று. சனிக்கிழமை சாயங்காலம். வேலை முடிந்தது, கை கழுவியாயிற்று. ஆனால் பெடல் கொஞ்சம் மெத்தென்று இறங்குகிற மாதிரி இருக்கிறது. காலையிலே குடும்பமாய் வெளியே போக வேண்டும், எல்லாரும் ஆயத்தம். மெக்கானிக் கூலியை மிச்சப்படுத்திவிட்டதாக வீட்டிலே சொல்லியும் ஆயிற்று. “சரியாத்தான் இருக்கும்” என்று ஒரு சத்தம் உள்ளே சொல்லுகிறது. அந்த நேரத்திலேதான் ஒரு மனுஷனுடைய உண்மை வெளிப்படுகிறது. ஸ்பேனர் பிடிக்கிற தைரியம் அநேகருக்கு உண்டு. “எனக்கு நிச்சயமில்லை, இன்றைக்கு நாம பஸ்ஸுல போகலாம்” என்று பிள்ளைகளுக்கு முன்பாகச் சொல்லுகிற தைரியம் எத்தனை பேருக்கு உண்டு?

அந்தத் தைரியம் உள்ளவர் தாராளமாய்த் தன் கையாலே பிரேக் மாற்றட்டும். அது இல்லாதவர் ஸ்பேனரைத் தொடாதிருப்பாராக.