பாலைவழியும் விஞ்ஞானவாதமும்

புறத்தே இருப்பனவாகத் தோன்றும் பொருள்கள் யாவும் உணர்வின் தோற்றங்களே என்பது விஞ்ஞானவாதம் எனப்படும் பௌத்தக் கொள்கை. இதனை விரித்துரைக்கும் யோகாசாரபூமி என்னும் நூலைத் தேடி, அரசின் தடையை மீறி 620களின் இறுதியில் சீனத்திலிருந்து புறப்பட்ட பௌத்தத் துறவி யுவான் சுவாங், பட்டு வணிகப் பெருவழியில் யூமன் வாயிலுக்கு அப்பாலுள்ள கோபிப் பாலையைத் துணையின்றிக் கடந்தார்.

அவர் மாணவர் ஹுயிலி எழுதிய வரலாற்றின்படி, வழிகாட்டி இடையிலேயே விலகிவிட, எலும்புகளையும் குதிரை இலத்தியையும் அடையாளமாகக் கொண்டு சென்ற அவருக்குத் தொலைவில் ஒரு பெரும்படை தோன்றி, நெருங்க நெருங்க மங்கி மறைந்தது. தண்ணீர்த் தோற்பை கைதவறிக் கொட்டிவிட, நான்கு இரவும் ஐந்து பகலும் நாவறண்டு மணலில் கிடந்து மீண்டும் எழுந்து சென்றபோது, அவ்வழியைப் பலமுறை கடந்திருந்த கிழக்குதிரை, அவர் பிடிக்கு அடங்காமல் வேறு பக்கம் திரும்பி, புல்லும் நீரும் உள்ள இடத்தில் அவரைச் சேர்த்தது.

படை தோற்றமெனில் எலும்பும் தோற்றந்தானா? விஞ்ஞானவாத ஆசிரியர் வசுபந்துவின் 'விம்சதிகா' என்னும் நூல் இத்தகைய வினாவை எதிர்வாதியின் வாயிலாகவே எழுப்புகிறது: புறப்பொருள் இல்லையெனில் ஒன்றைப் பலரும் ஒருங்கே காண்பது எவ்வாறு? கனவில் பருகும் நீர் தாகம் தணிக்காதது ஏன்? ஒத்த வினையுடைய பிரேதங்கள் யாவும் ஆற்றைச் சீழாகவே காண்பதுபோல, பலர் காட்சி ஒத்திருக்கப் பொதுவினையே போதும் என்பது முதல் வினாவுக்கு விடை. ஆகவே படை ஒருவர் காட்சி, எலும்போ வணிகர் பலருக்கும் பொதுவான காட்சி என இக்கொள்கைக்குள் நின்றே பிரித்தறிய இயலும். கனவும் உடலில் மெய்யான விளைவை உண்டாக்குவதுண்டு என்னும் இரண்டாம் விடை அத்துணை வலுவுடையதன்று. ஐந்து நாள் தாகத்தின்முன் அது மெலிந்தே நிற்கிறது.

ஆனால் அவர் பிடிக்கு அடங்காமல் தன் அறிவால் வழிகண்ட குதிரையால் இக்கொள்கைக்கு இடரில்லை. தன் மனம் ஒன்றே உண்டென இது கூறுவதாகக் கருதுவது பரவலான பிழை. யுவான் சுவாங் 659இல், காஞ்சியில் பிறந்தவரென அவரே குறிப்பிடும் தர்மபாலரின் உரைக்கு முதன்மை தந்து தொகுத்த நூல், உயிர்கள் அனைத்துக்கும் தனித்தனியே எட்டு விஞ்ஞானங்கள் (உணர்வுகள்) உண்டென நிறுவுகிறது. ஒருவர் உணர்வு மட்டுமே உண்டெனில் கற்பிப்போரும் கேட்போரும் இல்லாது போவர் என்பது அதன் வாதம்.