தாங்குகிறவரையும் தாங்க வேண்டும்

2024 ஜனவரியில், தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்தின் குமுளியில் நிகழ்ந்த ஒரு மரணம் மலையின் இருபுறமும் மனங்களைக் கலக்கியது. பிள்ளைகள் இருந்தும் கவனிப்பாரின்றி நோயோடு கிடந்த ஒரு தாயைப் போலீசார் மீட்டு, கோட்டயம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர் பிழைக்கவில்லை. மகன் மீதும் மகள் மீதும் வழக்குப் பதிவானது. பெற்றவளைக் கைவிட்டார்கள் என்று ஊர் தூற்றியது. அதில் தவறில்லை. மூத்த குடிமக்களைக் கைவிடுவோருக்கு மூன்று மாதம் வரை சிறை என்று 2007ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

ஆனால் தூற்றியதோடு நம் கடமை தீர்ந்தது என்று எண்ணினால் அது பெரும்பிழை. கைவிட்டவர்கள் செய்தியாகிறார்கள். கைவிடாமல் பக்கவாதத்தில் விழுந்தவரையும், தலைக்காயத்தில் நினைவு குன்றியவரையும், பார்க்கின்சன் நோயில் நடை தளர்ந்தவரையும் ஆண்டுக்கணக்கில் சுமக்கிறவர்களின் வீட்டுக்கு யாரும் போவதில்லை. நோயாளியைக் காப்பது குடும்பத்தின் அறம். காக்கிற குடும்பத்தைத் தாங்குவது ஊரின் அறம், அரசின் அறம். இந்த இரண்டாவது அறத்தில் தவறும் சமூகத்துக்கு முதலாவதைப் பற்றிப் பிறருக்குப் போதிக்கத் தகுதி கிடையாது.

மூளை நரம்பு சார்ந்த நோயிலிருந்து மீள்வது ஓர் அறுவை சிகிச்சையோடு முடிகிற காரியமன்று. பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நான்கரை மணி நேரமே கெடு. அதற்குப் பிறகான மீட்சிக்கோ மாதங்கள், ஆண்டுகள் வேண்டும். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். புரையேறினால் நுரையீரலில் தொற்று வரும் என்பதால் நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறுகச் சிறுக ஊட்ட வேண்டும். இழுத்துக்கொண்ட கையைப் பிடித்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவும். மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய், பிசியோதெரபி, இடையில் காரணமில்லாமல் வரும் அழுகையும் கோபமும். இவ்வளவையும் கற்றுத் தேர்ந்து செய்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண் ஒருத்திதான். அவளுக்குப் பயிற்சியும் இல்லை, கூலியும் இல்லை, விடுப்பும் இல்லை.

இந்தப் பணியின் உயரத்தை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார்: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பார்த்துக்கொள்பவர். மருத்துவருக்குச் சமமாகத் துணையிருப்பவரையும் எண்ணிய அறிவு அது. சரகரின் ஆயுர்வேத நூலும் இதே நால்வகையைத்தான் வகுக்கிறது. குடிசெயல்வகை அதிகாரத்தில் வள்ளுவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். குடும்பத்துக்கு வரும் கேட்டைத் தடுத்து நிற்பவரின் உடல் துன்பத்தைச் சுமப்பதற்கென்றே அமைந்ததோ என்று நெஞ்சு கனத்துக் கேட்கிறார். பார்த்துக்கொள்பவரின் முதுகுவலியையும் தூக்கமின்மையையும் கண்ட கேள்வி இது.

பெரியபுராணத்தில் திலகவதியார் தம் தம்பிக்காகவே உயிர் தரித்திருந்தார். சூலை நோய் முறுக்கியபோது நாவுக்கரசர் தேடி வந்தது அந்தத் தமக்கையின் வாசலைத்தான். உறவின் ஆற்றலுக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் மணிமேகலை காட்டும் அறம் வீட்டு வாசலோடு நிற்கவில்லை. ஆதரவற்றோரும் நோயாளரும் தங்கிய உலக அறவி ஊருக்குப் பொதுவான இடம். அங்கேதான் அமுதசுரபி சென்றது. வள்ளலார் 1867இல் வடலூரில் ஏற்றிய தருமச்சாலை அடுப்பும் பொது அடுப்பே. தமிழ் மரபில் இல்லறமும் ஊரறமும் ஒன்றையொன்று தாங்கியே நின்றன.

இன்றைய நிலையைப் பாருங்கள். கேரளத்தின் மூணாறிலும் பீர்மேட்டிலும் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பம் லயம் எனும் தோட்டக் குடியிருப்பில் இருக்கிறது. அந்த வீடு வேலையோடு பிணைந்தது. கணவனுக்கு வாதம் வந்துவிட்டது என்று மனைவி கொழுந்து கிள்ளப் போகாமல் நின்றால் கூலி போகும். வேலையே போனால் கூரையும் போகும். வேலைக்குப் போனால் நோயாளியைப் புரட்ட ஆளில்லை. எதைச் செய்தாலும் குற்றம் என்ற நிலையில் ஒருத்தியை நிறுத்திவிட்டு அவளிடம் தியாகத்தைப் பேசுவது அறமாகாது.

எல்லையும் தன் பங்குக்கு வதைக்கிறது. இடுக்கித் தமிழர் தேனிக்கும் மதுரைக்கும் ஓடுகிறார்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தார் கோவைக்குப் போகிறார்கள். சிகிச்சை முடிந்து வீடு திரும்பினால் தமிழ்நாடு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டம் போடிமெட்டையும் வாளையாறையும் தாண்டி வராது. கேரளத்தின் வலிநிவாரணப் பணி நாட்டுக்கே முன்னோடி. 1993இல் கோழிக்கோட்டில் வேர்விட்டு, 2008இல் அரசுக் கொள்கையாகி, பஞ்சாயத்து வழியே செவிலியரை வீட்டுக்கு அனுப்புகிறது. ஆனால் பேச்சிழந்த தமிழருக்குப் பேச்சுப் பயிற்சி அவர் வாழ்ந்த மொழியில் அல்லவா நடக்க வேண்டும்? படுக்கையில் இருப்போரைப் பார்த்துக்கொள்பவருக்குக் கேரளத்தின் ஆசுவாசகிரணம் திட்டம் வகுத்த தொகை மாதம் 600 ரூபாய், அதாவது நாளுக்கு 20 ரூபாய். கொடுக்க நினைத்த மனத்தை வணங்கலாம். தொகையை ஏற்க முடியாது. பார்த்துக்கொள்பவருக்கான உதவித்தொகையை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே அரசின் பொறுப்பாக எழுதிவைத்துவிட்டது.

அரசு பணம் கொடுத்தால் பாசம் வற்றிவிடும், பெற்ற கடனைக் காசாக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அச்சத்தில் சிறிது உண்மை இருக்கலாம். ஆனால் பசியும் கடனும் களைப்பும் வற்றச்செய்த பாசத்தைவிட உதவித்தொகை வற்றச்செய்யும் பாசம் அதிகமாக இருக்க முடியாது.

ஆகவே நாம் செய்ய வேண்டியது தெளிவு. அண்ணன் தம்பிகள் மாதமுறை வைத்து நோயாளியை வீடு வீடாகத் தூக்கிச் செல்வதை நிறுத்துங்கள். அவர் ஓரிடத்தில் இருக்கட்டும், முறைவைத்து நீங்கள் வாருங்கள். மருமகளை மட்டும் கட்டிப்போடாதீர்கள். மகனும் ஊட்டட்டும், மகனும் துடைக்கட்டும். அக்கம்பக்கத்தாரே, வாரத்தில் ஒரு பொழுதாவது அந்த வீட்டில் அமர்ந்து, பார்த்துக்கொள்பவரை உறங்கவிடுங்கள். தோட்ட நிர்வாகங்கள் பராமரிப்பு விடுப்பைத் தரட்டும். இரு மாநில அரசுகளும் எல்லைத் தமிழரின் வீட்டுச் சிகிச்சைக்கு உடன்பாடு காணட்டும். கைவிட்டவரைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. கைவிடாதவரைத் தாங்க நாம் இருக்க வேண்டும். அதைச் செய்யாத ஊர், அடுத்த குமுளிச் செய்தி வரும்போது பிள்ளைகளை மட்டும் குற்றவாளிகள் என்று சொல்ல உரிமையற்றது.