சாட்சி வைத்து எண்ணிய சொத்து

வைசாலிக்கு அருகே வாணிய கிராமம் என்றோர் ஊர். அங்கே ஆனந்தர் என்றொரு பெருஞ்செல்வர். எந்தக் காரியமானாலும் ஊரார் அவரிடம் யோசனை கேட்டுத்தான் செய்வார்கள். நான்கு கோடிப் பொன் அவரிடம் சேமிப்பில் இருந்தது. இன்னொரு நான்கு கோடி வட்டிக்குப் போயிருந்தது. மேலும் நான்கு கோடி வீட்டுப் புழக்கத்தில். மந்தைக்குப் பத்தாயிரம் வீதம் நான்கு மந்தை மாடுகள். சமணத் தீர்த்தங்கரர் மகாவீரர் அந்த ஊருக்கு வந்தபோது ஆனந்தர் போய் அவர் பேச்சைக் கேட்டார், மனம் கரைந்தது. ஆனால் எல்லாவற்றையும் விட்டுத் துறவியாகும் வலிமை தனக்கில்லை என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, இல்லறத்தாருக்கான விரதங்களை ஏற்றுக்கொண்டார். அவற்றில் ஐந்தாவது, உடைமைக்கு வரம்பு கட்டுவது.

அந்த விரதத்தை அவர் ஏற்ற விதம்தான் வியப்பானது. சுவேதாம்பர ஆகமங்களில் ஏழாவது அங்கமான உபாசகதசாங்கம் அதை வரிவரியாகச் சொல்கிறது. பொன் இவ்வளவு, இதற்கு மேல் வேண்டாம். மாடு இவ்வளவு. ஏர் ஐந்நூறு. தொலைவுக்குப் போகும் வண்டி ஐந்நூறு, பக்கத்து ஊர்களுக்குப் போகும் வண்டி ஐந்நூறு. பட்டியல் அங்கே நிற்பதில்லை. குளித்தபின் துவட்டும் துணி, பல் துலக்கும் பச்சை அதிமதுரக் குச்சி, உடுத்தும் ஒரு ஜோடிப் பருத்தி ஆடை, பழமென்றால் நெல்லி என்று இறங்கிக்கொண்டே போகிறது. படிப்பவருக்குக் கொஞ்சம் களைப்புத் தட்டும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொன்னுக்கும் மாட்டுக்கும் அவர் கட்டிய வரம்பு, ஏற்கெனவே அவரிடம் இருந்த அளவேதான். அன்றைக்கு அவற்றில் எதையும் அவர் இழக்கவில்லை. தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று இன்னொருவர் முன்னால் வாய்விட்டுச் சொன்னார். இது போதும் என்றார். வீட்டுக்குத் திரும்பி மனைவி சிவநந்தையிடமும் சொன்னார். அவளும் போய் அதே விரதங்களை ஏற்றாள்.

இன்றைய குடும்பங்களில் கடனை அடைப்பதைப் பற்றியும் வீட்டில் குவிந்துகிடப்பதை ஒழிப்பதைப் பற்றியும் பேச்செடுத்தால் பெரும்பாலும் வரும் பதில், “தெரியுது, ஆனா மனசு வரமாட்டேங்குது” என்பதுதான். அதில் பொய் இல்லை. வட்டி கூடிக்கொண்டே போவது எல்லாருக்கும் தெரியும். பரண் நிரம்பி வழிவதும் கண்ணுக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் செய்ய முடியவில்லை என்பது தத்துவத்தின் மிகப் பழைய கேள்விகளில் ஒன்று. ஆனந்தரின் கதை அதற்கு ஒரு வழி காட்டுகிறது: மனசு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் எண்ணு, எண்ணியதைச் சாட்சி முன்னால் சொல். சமணம் மட்டுமல்ல, வேறு பல மரபுகளும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன.

எண்ணுவது எளிதல்ல. ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கடன் ஒரே இடத்தில் இருப்பதில்லை. நகை வங்கியில் இருக்கும். ஆண்டுக்கொரு முறை வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கப்படும். கார்டு பாக்கி ஒரு பக்கம், ஃபோனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் மாதத் தவணை ஒரு பக்கம், எடுத்துவிட்ட சீட்டுக்குக் கட்ட வேண்டியது ஒரு பக்கம், மைத்துனரிடம் வாங்கிய கைமாற்று இன்னொரு பக்கம். கணவருக்குத் தெரியாமல் மனைவி வைத்த வளையலும், மனைவிக்குத் தெரியாமல் கணவர் எடுத்த தனிநபர் கடனும் பல வீடுகளில் உண்டு. ஆகவே மொத்தம் எவ்வளவு என்று அந்த வீட்டில் யாருக்குமே தெரியாது. நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டியில் ஒரு லட்சம் வாங்கினால் மாதம் 3,000 ரூபாய் போகிறது. மூன்று ஆண்டில் போனது 1,08,000. அசல் அப்படியே நிற்கிறது. இந்தக் கூட்டலைப் போட ஐந்து நிமிடம் போதும், ஆனால் அந்த ஐந்து நிமிடத்தைத் தள்ளிப்போட வைப்பது சோம்பல் அல்ல, வெட்கம். எண்ணினால் உண்மையாகிவிடும் என்ற பயம்.

புத்தர் இந்தப் பயத்தை அறிந்திருந்தார் என்றே தோன்றுகிறது. சாவத்தி நகரத்து வணிகர் அனாதபிண்டிகருக்கு அவர் சொன்னதாக அங்குத்தர நிகாயத்தில் ஒரு சிறு சூத்திரம் இருக்கிறது. இல்லறத்தான் அடையக்கூடிய சுகங்கள் நான்கு: பொருள் இருப்பது, அதை அனுபவிப்பது, கடன் இல்லாமல் இருப்பது, பழிக்கு இடமில்லாமல் வாழ்வது. கடனின்மையைத் தனியொரு சுகமாக, செல்வத்தின் பக்கத்திலேயே வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. செல்வத்தைத் துறந்தால்தான் நிம்மதி என்று அவர் அந்த வணிகரிடம் சொல்லவில்லை.

துறவு கடனிலிருந்து தப்பிக்கும் வாசலாகிவிடக் கூடாது என்பதிலும் பௌத்தம் கண்டிப்பாக இருந்தது. கடன்பட்ட ஒருவன் ஓடிப்போய்ச் சங்கத்தில் சேர்ந்துகொண்டான். கடன் கொடுத்தவர்கள் அவனை அடையாளம் கண்டு பிடிக்கப் போனார்கள். சங்கத்தில் சேர்ந்தவர் மேல் கை வைக்கக் கூடாது என்பது மன்னன் பிம்பிசாரனின் ஆணை என்று மற்றவர்கள் தடுத்தார்கள். ஊர் முணுமுணுத்தது. அதன் பிறகே கடனாளிக்குத் துறவு தரக் கூடாது என்ற விதி வந்ததாக விநய பிடகத்தின் மகாவக்கம் சொல்கிறது. முழுத் துறவேற்கும் உபசம்பதைச் சடங்கில் சங்கத்தின் முன்னால் கேட்கப்படும் கேள்விகளில், கடன் இல்லாதவனா என்பதும் ஒன்று. இலங்கையில் இன்றும் பிக்குவாகும் இளைஞர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது? சொர்க்கத்தைப் பற்றியதல்ல. இரண்டாம் அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ளுங்கள், நேர்மையாக எழுதுபவர் எழுதட்டும், கடன்பட்டவர் வாசகத்தைச் சொல்லட்டும், சாட்சி வையுங்கள், தொகை சிறிதோ பெரிதோ எழுதச் சலிக்காதீர்கள் என்கிறது அது. இங்கே கடன்பட்டவரே சொல்ல வேண்டும் என்பது முக்கியம். தன் வாயால் தொகையைச் சொன்னவர் பிறகு அதைத் தன்னிடமிருந்தே ஒளித்துக்கொள்வது கடினம்.

அண்மைக் காலத்தில் இதை வாழ்ந்து காட்டியவர் காந்தி. லண்டனில் படித்தபோது பஸ் கட்டணம், தபால் தலை, செய்தித்தாள் உட்படச் செலவழித்த ஒவ்வொரு காசையும் எழுதி, இரவு படுக்கும் முன் இருப்பைச் சரிபார்த்ததாகச் ‘சத்திய சோதனை’யில் சொல்கிறார். பின்னாளில் பெரும் பொதுநிதிகளைக் கையாண்டபோதும் கடன் நிற்காமல் மிச்சமே இருந்ததற்கு அந்தப் பழக்கத்தையே காரணமாகக் காட்டுகிறார். தென்னாப்பிரிக்காவில் கீதையில் மூழ்கியிருந்த நாட்களில் உடைமையின்மை என்ற கருத்து அவரைப் பிடித்துக்கொண்டது. பம்பாயில் எடுத்த பத்தாயிரம் ரூபாய் ஆயுள் காப்பீட்டைக் கைவிட்டார், இனிப் பணம் அனுப்ப மாட்டேன் என்று அண்ணனுக்கு எழுதினார். மனைவி மக்களை வைத்துக்கொண்டு காப்பீட்டை விடுவதை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது. குடும்பத்தாருக்கு உகந்தது ஆனந்தரின் வழிதான். காந்தியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த இரவு நேரக் கணக்கு.

எண்ணியபின் எதை முதலில் அடைப்பது? கணக்குப்படி வட்டி அதிகமுள்ளதைத்தான். அதில் சந்தேகமில்லை. ஆனால் மனம் வேறொரு விதமாக நடக்கிறது என்பதற்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு சான்று உண்டு. அங்கே மெதடிஸ்ட் திருச்சபையின் சமூக சேவை அமைப்பு, நீண்டகாலமாகக் கடனில் உழன்ற ஏழைக் குடும்பங்களுக்கு 5,000 சிங்கப்பூர் டாலர் வரை கடனை அடைத்துக் கொடுத்தது. அப்படி உதவி பெற்ற 196 பேரை அதற்கு முன்னும் பின்னும் ஆராய்ந்த முடிவுகள் 2019-ல் வெளியாயின. அவர்களுடைய பதற்றம் குறைந்திருந்தது, சிந்தனைத் திறன் கூடியிருந்தது, முடிவெடுக்கும் விதமே மாறியிருந்தது. ஒரே அளவு தொகை பெற்றவர்களுக்குள்ளும் எத்தனை கடன்கள் முழுசாகத் தீர்ந்தன என்பதைப் பொறுத்துத்தான் அந்த முன்னேற்றம் கூடியது. நான்கைந்து பாக்கிகளில் கொஞ்சம் கொஞ்சம் குறைவதைவிட, ஒன்றிரண்டு அடியோடு தீர்வது மனதைக் கூடுதலாக விடுவிக்கிறது. கந்துவட்டி, தண்டல் போன்றவை இருந்தால் அவற்றுக்கே முதலிடம். மற்றவை ஏறக்குறைய ஒரே வட்டியென்றால் சின்னக் கடனை முதலில் முடிப்பதில் தவறில்லை. கடனே ஒருவரின் சிந்தனையை மங்கச் செய்கிறது என்றால், ‘புத்தியில்லாமல் கடன் வாங்கினான்’ என்று ஊர் சொல்லும் தீர்ப்பும் பாதி தலைகீழானது.

நியூயார்க்கில் 1976-ல் நிலைபெற்ற ‘டெட்டர்ஸ் அனானிமஸ்’ என்ற கடனாளிகள் சங்கம், குடிநோயாளிகள் சங்கத்தின் பன்னிரண்டு படிகளைப் பின்பற்றுவது. அங்கே சேருபவர் வரவு செலவைத் தினமும் எழுத வேண்டும்; பிறகு அனுபவமுள்ள இரு உறுப்பினர்களோடு உட்கார்ந்து அந்த ஏட்டைத் திறந்து வைத்துப் பேச வேண்டும். இங்கும் ஏடு, இங்கும் சாட்சி.

பொருள்களின் கதையும் இதையொட்டியதே. கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லாஸ் ஏஞ்சலிஸில் 32 குடும்பங்களின் வீடுகளுக்குள் போய் எண்ணினார்கள். முதல் வீட்டில் மூன்றே அறைகளில், கண்ணில் பட்டவை மட்டும், 2,260 பொருள்கள். தங்கள் வீடு அடைசலாகக் கிடக்கிறது என்று விவரித்த பெண்களின் உடலில் மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன் மாலையில் இறங்க வேண்டிய அளவு இறங்கவில்லை என்றும் கண்டார்கள்.

தமிழ் வீட்டுப் பரணில் இருப்பது வேறு வகைக் குவியல். கல்யாணச் சீராக வந்த அண்டா, இன்னும் அட்டைப் பெட்டியிலிருந்து எடுக்காத டின்னர் செட், மொய்யோடு வந்த ஹாட் பேக்குகள், ஓடாத மிக்ஸி, பிள்ளைகளின் பழைய நோட்டுகள், விசேஷத்துக்கு விசேஷம் வைத்துக்கொடுத்த ரவிக்கைத் துணி. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து மகிழ்ச்சி தருகிறதா என்று பார்க்கச் சொல்கிறார் ஜப்பானின் மரி கோண்டோ. இளமையில் ஷிந்தோ ஆலயத்தில் ஊழியம் செய்தவர் அவர். அந்தக் கேள்வி நம் அண்டாவிடம் செல்லாது. அது மகிழ்ச்சிக்காக அங்கே இருக்கவில்லை; கொடுத்தவர் வந்து கேட்டால் என்ன சொல்வது என்ற கடமையுணர்ச்சியால் இருக்கிறது. ஆனால் அவர் முறையின் முதல் படி நமக்கும் பொருந்தும். வீட்டிலுள்ள ஒரே வகைப் பொருள் அத்தனையையும் ஓரிடத்தில் குவிக்கச் சொல்கிறார். அலமாரிகளிலும் பெட்டிகளிலும் சிதறிக் கிடந்த புடவைகள் ஒரே கட்டிலில் குவியும்போதுதான் எத்தனை என்று தெரிகிறது. இனி இத்தனை புடவை, இத்தனை தூக்குச்சட்டி என்று ஆனந்தரைப் போல எண்ணைச் சொல்லிவிட்டால், எதை விடுவது என்பதை அந்த எண்ணே முடிவு செய்யும்.

போகிக்கு நாம் பழையதை எரிக்கிறோம், பொங்கல் தள்ளுபடியில் தவணைக்குப் புதியது வாங்குகிறோம். வரம்பு இல்லாத இடத்தில் கழித்தல் நிலைக்காது. மேல்சித்தாமூர் மடத்தைத் தலைமையாகக் கொண்ட தமிழ்ச் சமணர்கள் இல்லறத்தாருக்கு வைத்திருக்கும் ஐந்து விரதங்களில் மிகுபொருள் விரும்பாமையும் உண்டு. அந்த விரதம் ஒருநாள் சுத்தம் அல்ல, ஆயுளுக்கும் எடுப்பது.

ஆனால் சாட்சிக்கு ஒரு கொடிய முகமும் உண்டு. தர்மபுரியில் 1989-ல் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்களின் பலமே வட்டமாக உட்கார்ந்து கணக்கை வாசிப்பதில் இருந்தது. யார் எவ்வளவு சேர்த்தாள், யாருக்கு எதற்காகக் கடன் என்று எல்லாருக்கும் தெரியும். அதே கூட்டுப் பொறுப்பைத் தனியார் குழுக் கடன் நிறுவனங்கள் எடுத்துக்கொண்டபோது, தவணை தவறியவள் வீட்டு வாசலில் மற்ற பெண்களே போய் உட்காரும் நிலை வந்தது. அந்தச் சாட்சி, கடன்பட்டவளை எண்ணத் தூண்டவில்லை, ஒளிய வைத்தது. 2003-ன் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தும் அவமானத்துக்கு அஞ்சி உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

எனவேதான் சமயங்கள் கடன் கொடுத்தவரையும் சும்மா விடவில்லை. கடனை எழுதச் சொன்ன வசனத்துக்கு இரண்டு வசனம் முன்னால், கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடு, தர்மமாக விட்டுவிட்டால் அது உனக்கே நல்லது என்கிறது குர்ஆன். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனில் மூழ்கியவரையும் சேர்த்திருக்கிறது. விவிலியத்தின் உபாகமம் ஏழாண்டுக்கு ஒருமுறை கடன் விடுதலை விதிக்கிறது. அந்த ஆண்டு நெருங்குகிறதென்று ஏழைக்குக் கடன் கொடுக்கத் தயங்குவதையும் பாவம் என்கிறது. ஒரு குடும்பம் உட்கார்ந்து தன் கடன்களை எழுதும்போது, தனக்கு வரவேண்டியவற்றையும் அதே தாளில் எழுதினால் நன்றாக இருக்கும். வீட்டு வேலைக்கு வருபவர் பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் முன்பணமாக வாங்கிய, மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கப்படும் 2,000 ரூபாய் அந்தத் தாளில் வரும். அதை அடித்துவிடலாமா என்று அந்த வீட்டார் அங்கேயே பேசி முடிவு செய்ய முடியும்.