மருந்தாளரின் அறிவு எங்கே நிறைவுறுகிறது?

மருந்தாளரை உருவாக்கும் கல்வி எதனைத் தன் முடிவான நோக்கமாகக் கொள்ள வேண்டும் என்பது பாடத்திட்டக் குழுக்கள் மட்டும் தீர்த்துவிடக்கூடிய நிர்வாக விடயம் அன்று. அறிவு எனப்படுவது யாது, அறிந்தவர் அறியாதவருக்கு எவ்வளவு கடமைப்பட்டவர் என்னும் மெய்யியல் வினாக்கள் அதனுள் அடங்கியுள்ளன. தேன், திராட்சை மது, மூலிகை, சூடிடுதல், அறுவை ஆகியவற்றைத் தெரிந்துகொள்வது எளிது என்றும், அவற்றை எவருக்கு, எப்போது, எவ்வாறு பயன்படுத்தினால் நலம் விளையும் என அறிவதோ மருத்துவராகவே ஆவதற்கு ஒப்பானது என்றும் அரிஸ்டாட்டில் தமது அறவியல் நூலில் வாதிடுகிறார். பொருளைப் பற்றிய அறிவு ஒன்று. குறித்த ஒரு மனிதருக்கு எது தகும் எனத் தேர்ந்து செயற்படும் நடைமுறை விவேகம் மற்றொன்று.

இவ்வினாவை இலங்கையில் கூர்மையாக எதிர்கொண்டவர் மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே (1920–1977). கண்டி திரித்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் பேராதனை மருத்துவ பீடத்தின் முதற் பீடாதிபதியான அவர், மருத்துவக் கல்வியை ஆராய்வதற்கெனத் தனி அலகொன்றையும் அங்கு நிறுவினார். மருத்துவரும் அரசியல்வாதியுமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து அவர் அளித்த அறிக்கையின் வழியில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. மருந்துகள் வணிகப் பெயர்களால் அன்றிப் பொதுப்பெயர்களால், அதாவது அவற்றிலுள்ள வேதிப்பொருளின் பெயரால், வழங்கப்பட வேண்டும் என்பது அவரது கொள்கை. விற்பவரின் விளம்பரம் மருந்து எழுதுபவருக்கு ஆசானாகிவிடக் கூடாது என்னும் கல்விக் கோட்பாடும் அதிலேயே பொதிந்திருந்தது. அதன் பெருமையை எவ்வளவு சொன்னாலும் தகும். ஆயினும் எந்த மருந்து என்பதைத்தான் அது தீர்க்கிறது, அம்மருந்து மனிதரைச் சென்றடையும் விதத்தை அன்று.

அவ்விடைவெளி எவ்வளவு பெரிது என்பதைக் கண்டி மாவட்டத்தின் தெல்தோட்டைப் பகுதி காட்டும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் அமைந்துள்ள இம்மலைப்புறத்தில், லயங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக உள்ளன. முடக்குவாதத்துக்குச் சிகிச்சை பெறும் முதிய கொழுந்து பறிப்பவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவருக்கு மெதோட்ரெக்சேட் என்னும் மருந்தும் அதன் பக்கவிளைவைத் தணிக்க ஃபோலிக் அமிலமும் தரப்படுகின்றன. இரண்டும் பெரும்பாலும் மஞ்சள் நிறச் சிறு மாத்திரைகள். முன்னது வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டியது. நாள்தோறும் உட்கொண்டால் வாய்ப்புண்ணில் தொடங்கி எலும்பு மச்சையைத் தாக்கி உயிரையே பறிக்கக்கூடியது. கடதாசி உறையின் மேல் அவர் வாசிக்க இயலாத எழுத்தில் குறிப்பு இருக்குமாயின், சரியான மருந்து, சரியான அளவு, சரியான எண்ணிக்கை ஆகிய அனைத்தும் நிறைவேறிய பின்னரும் மருந்தாளரின் கடமை நிறைவேறவில்லை.

நோயாளி, மருத்துவர், மருந்து, அதனை உடனிருந்து கொடுப்பவர் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த திருக்குறள், இறுதியானவரை ஏவலாளாக அன்றி மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே மதித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவ மிஷனரி சாமுவேல் கிறீன் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்கியபோது, நோயாளியின் மொழி மருத்துவ அறிவுக்குப் புறம்பானதன்று என்பது செயலில் நிறுவப்பட்டது.

நீண்ட வரிசையின் முன் நிற்கும் மருந்தாளருக்கு விளக்கிக் கூற நேரமில்லை என்பது நியாயமான மறுப்பே. போதிய ஆளணியின்றி அறத்தைத் தனிமனிதப் பண்பாக மட்டும் போதிப்பது, நிறுவனத்தின் பொறுப்பை இளம் பட்டதாரியின் மனச்சாட்சியின் மேல் சுமத்துவதாகும். ஆயினும் நேரமின்மை பயிற்சியின்மைக்குக் காரணமாகாது. பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் மருந்தாளர் பட்டக்கல்வி பயில்வோர் இரு தேசிய மொழிகளிலும் மருந்தை விளக்கவும், கூறியதை நோயாளியின் வாயாலேயே திரும்பச் சொல்லச் செய்து சரிபார்க்கவும் பழக வேண்டும். இத்திறன் விருப்பப் பாடமாக ஒதுக்கப்படாமல், மருந்தியலுக்கும் மருந்து வேதியியலுக்கும் நிகராகத் தேர்வில் மதிப்பிடப்பட வேண்டும். இதில் தவறும் மாணவர், ஏனைய பாடங்களில் எவ்வளவு சிறந்தவராயினும், மீண்டும் தேர்வெழுதவே வேண்டும்.