தேனும் கொல்லாமையும்

சமண இல்லறத்தார் கள்ளையும் ஊனையும் விலக்குவது போலவே தேனையும் விலக்க வேண்டும் என்பது பழைய விதி. சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரம் இதை அடிப்படை ஒழுக்கமாகவே வைக்கிறது. அமிர்தசந்திரரின் புருஷார்த்த சித்தியுபாயம் இன்னும் கடுமையானது: அடையிலிருந்து தானாகச் சொட்டிய தேனை உண்டாலும், அதை அண்டி வாழும் சிற்றுயிர்கள் அழிவதால் கொலைப் பழி சேரும்.

அடையை அறுத்துப் பிழிந்த காலத்தில் தேனோடு முட்டையும் புழுவும் நசுங்கின. அந்த விலக்கு நியாயமானதே. 1851இல் லாங்ஸ்ட்ராத் அமெரிக்காவில் கழற்றி மாட்டும் சட்டங்கள் கொண்ட பெட்டியை வடிவமைத்தார். 1865இல் ஹ்ருஷ்காவின் சுழல் கருவி வந்தது. புழு அறை கீழே, தேனறை மேலே. சட்டத்தைச் சுழற்றினால் தேன் மட்டும் தெறித்து வரும். அடை சிதையாமல் பெட்டிக்குத் திரும்பும். பழைய குற்றச்சாட்டின் பெரும்பகுதி இங்கே விழுந்துவிடுகிறது. பூச்சியின் உழைப்பைக் கவர்வது சரியா என்ற கேள்வி மிஞ்சும்; அது கள்ளாமையைச் சேர்ந்தது.

ஆனால் இப்போது கொலை, தேன் எடுப்பதை விட்டுத் தேனீயைப் பேணுவதில் நடக்கிறது. வரோவா உண்ணி ஆசிய அடுக்குத் தேனீயோடு நெடுங்காலம் வாழ்ந்தது. அங்கே அது பெரும்பாலும் ஆண் புழு அறைகளில்தான் பெருகும். உண்ணி மிகுந்து நலிந்த ஆண் தேனீயால் மூடியைத் திறந்து வெளிவர முடியாது. அந்த அறையே உண்ணிக்கும் சமாதி. இருபதாம் நூற்றாண்டில் இந்த உண்ணி ஐரோப்பியத் தேனீக்குத் தாவியது. இங்கே பணித் தேனீயின் புழு அறைகளிலும் பெருகி, கொழுப்புத் திசுவை உண்டு, சிறகைச் சிதைக்கும் வைரஸைப் பரப்புகிறது. கவனிக்காமல் விட்டால் பெரும்பாலான கூட்டங்கள் சில ஆண்டுகளில் மடிந்துவிடும்.

உண்ணியைப் பிடிக்க ஆண் புழுச் சட்டம் ஒன்றை வைத்து, அறைகள் மூடப்பட்டதும் எடுத்து அழிப்பது பரவலான ஒரு முறை. குவிந்த மூடியைக் கீறி, வெளிறிய கூட்டுப்புழுவைத் தூக்கினால், ஒன்றரை மில்லிமீட்டர் அகலச் செம்பழுப்பு உண்ணிகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். உண்ணி ஏறாத கூட்டுப்புழுக்களும் சேர்ந்தே சாகின்றன.

தத்துவார்த்த சூத்திரம், விழிப்பற்ற மனநிலையால் உயிரைப் பறிப்பதை இம்சை என்கிறது. இல்லறத்தானின் கொலையைத் திட்டமிட்டது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது என நான்காகப் பிரிப்பதும் சமண மரபு. உண்ணி தாக்குவது வளர்ப்பவரை அல்ல என்றாலும், தன் காவலில் உள்ள உயிரைக் காப்பதைத் தற்காப்பில் சேர்ப்பது பொருந்தும். ஆண் புழுக்களுக்கு அந்த நியாயம் செல்லாது; அவை யாரையும் தாக்கவில்லை. பொறியாக வைப்பதற்கென்றே வளர்த்து அவற்றை அழிப்பது திட்டமிட்ட கொலைதான். கூட்டம் முழுவதும் ஓருயிர், ஆண் புழு அதன் உறுப்பு என்று உயிரியல் நோக்கில் வாதிடலாம். ஒவ்வொரு பூச்சியிலும் தனி உயிரைக் காணும் சமணம் அதை ஏற்காது.

வேறு வழி உண்டு. ராணியை மூன்று வாரத்துக்கு மேல் கூண்டில் அடைத்தால் புதிய புழு இராது. மூடிய அறைகளில் இருந்தவை தேனீக்களாக வெளிவந்துவிடும். ஒளிய இடமின்றித் தேனீக்களின் உடல்மீது நிற்கும் உண்ணிகளை அப்போது ஆக்ஸாலிக் அமிலம் கொல்லும். சரியான அளவில் இட்டால் தேனீக்களுக்குப் பெரிய கேடில்லை. தற்காப்பு என்ற வகைக்குள் நேர்மையாக அடங்குவது இந்த முறைதான்.