சுமையை ஏற்றிய கை

பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒரு மனிதரைக் கண்டபோது சீடர்களின் உள்ளத்தில் முதலில் எழுந்தது ஒரு வழக்கு. குற்றவாளி அவரா, அவரைப் பெற்றவர்களா என்று ஆண்டவரிடம் தீர்ப்புக் கேட்டனர். யோவான் நற்செய்தியின் 9 ஆம் அதிகாரம் இக்கேள்வியோடுதான் தொடங்குகிறது. இயேசு இரண்டு விடைகளையும் ஒதுக்கிவிட்டு, மண்ணைக் குழைத்து அம்மனிதரின் கண்களில் பூசினார்.

இருபது நூற்றாண்டுகள் கடந்தும் அக்கேள்வி நம்மைவிட்டு அகலவில்லை. பாவம் என்ற சொல் இருந்த இடத்தில் இன்று 'டென்ஷன்' என்ற சொல் வந்து அமர்ந்திருக்கிறது, அவ்வளவே. நோயுற்றவரைக் காணச் செல்லும் நாம், கொண்டுபோன பழங்களைக் கட்டிலருகே வைத்துவிட்டு, "எல்லாவற்றையும் மனத்தில் போட்டுக்கொண்டால் இப்படித்தான் ஆகும்" என்கிறோம். இன்னும் சிலர் ஒருபடி மேலே போய், விசுவாசம் உறுதியாயிருந்தால் கவலை வருமா, கவலை இல்லையென்றால் நோய் வருமா என்று கணக்கையே முடித்துவிடுகின்றனர். இதற்கு அறிவியலும் சான்று பகர்வதாக நமக்கு ஒரு நம்பிக்கை. ஆய்வுக்கூடம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதைச் சற்றுப் பொறுமையோடு கேட்போம்.

வியன்னாவில் பிறந்த ஹான்ஸ் செல்யே என்னும் இளம் ஆய்வாளர், 1930களில் கனடாவின் மான்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். புதிய இயக்குநீர் ஒன்றைத் தேடி, விலங்குகளின் சூலகத்திலிருந்து எடுத்த சாற்றை எலிகளின் உடலில் ஏற்றிவந்தார். எலிகளின் அட்ரீனல் சுரப்பிகள் பருத்தன. நோயெதிர்ப்புக்குத் துணைநிற்கும் தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையில் புண்கள் தோன்றின. தேடியது அகப்பட்டுவிட்டது என்று மகிழ்ந்தவருக்கு ஏமாற்றமே மிஞ்சியது. ஃபார்மலினை ஏற்றியபோதும் அதே விளைவு. கடுங்குளிரில் வைத்தபோதும், உடல் தளரத்தளர உழைக்கவைத்தபோதும் அதே விளைவு. துன்பம் எவ்வடிவில் வரினும் உடல் ஒரே வகையாகத்தான் விடையிறுக்கிறது என்பதை 1936 இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கடிதமாக அவர் வெளியிட்டார். நாம் இன்று வாய்க்கு வாய் சொல்லும் 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல் மருத்துவத்தில் நிலைபெற்றது அவராலேதான்.

பின்வந்தோர் உயிரணுவுக்குள்ளேயே நுழைந்து பார்த்தனர். ஆபத்து நேருங்கால் மூளையின் கட்டளைப்படி அட்ரீனல் சுரப்பி அட்ரீனலினையும் கார்ட்டிசோலையும் குருதியில் கலக்கிறது. கல்லீரல் தான் சேமித்து வைத்த சர்க்கரையை வெளிவிடுகிறது, இதயம் விரைகிறது, செரிமானம் முதலிய வேலைகள் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கப்படுகின்றன. புலி துரத்தும்போது இந்த ஏற்பாடு உயிரைக் காக்கும். புலி போனபின் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் வட்டிக்காரரும் குடிகாரக் கணவரும் புலியைப்போல் போய்விடுவதில்லை. நெருக்கடி ஓயாதபோது குருதியின் அழுத்தமும் சர்க்கரையும் தணிய வழியின்றி நிற்கின்றன. நோயெதிர்ப்பு தன் ஒழுங்கை இழக்கிறது. உணவை ஆற்றலாக மாற்றித்தரும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உலைகளும் இந்த இயக்குநீர்களின் ஆளுகைக்கு உட்பட்டவையே. ஆகவே உள்ளத்தின் பாரம் உயிரணுவரை இறங்குகிறது என்பதில் ஐயமில்லை. ஆன்மாவும் உடலும் சேர்ந்த ஒருமையே மனிதர் என்று கற்பித்துவரும் திருச்சபையின் மக்களுக்கு இது வியப்பளிக்க வேண்டியதும் இல்லை.

எனினும் செல்யேயின் கூண்டை இன்னொருமுறை உற்றுநோக்குவோம். அந்த எலிகள் கவலைப்பட்டு நோயை வரவழைத்துக்கொள்ளவில்லை. குளிரில் அவற்றை வைத்தது ஒரு கை. மருந்தை ஏற்றியது ஒரு கை. பொறுமை போதாதென்று எலியை எவரும் கடிந்துகொள்ளவில்லை. சுமையை ஏற்றிய கை எது என்பது ஆய்வுக் குறிப்பேட்டின் முதல் வரியிலேயே எழுதப்பட்டிருக்கும். அதே முடிவை மனிதர்மீது பொருத்தும்போது மட்டும் நாம் அந்தக் கையை மறைத்துவிட்டு, சுமந்தவரின் மனத்தை விசாரிக்கத் தொடங்குகிறோம். இந்த இடமாற்றத்தைச் செய்வது அறிவியலன்று, நாமே.

இன்னொன்றும் உண்டு. ஷெல்டன் கோஹனும் அவருடைய உடன் ஆய்வாளர்களும், இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகருக்கருகே இருந்த சளிநோய் ஆய்வு மையத்தில், நலமாயிருந்த 394 பேரின் மூக்கில் சளிநோய்க் கிருமி கலந்த சொட்டுகளை விட்டுப் பார்த்தனர். 1991 இல் முடிவு வெளியாயிற்று. மிகக் குறைந்த நெருக்கடியில் இருந்தவருள் நூற்றுக்கு ஏறக்குறைய 27 பேருக்கும், மிகுந்த நெருக்கடியில் இருந்தவருள் நூற்றுக்கு ஏறக்குறைய 47 பேருக்கும் சளி பிடித்தது. வேறுபாடு மெய்யானது, சிறியதும் அன்று. ஆனால் மனம் மிக நொந்திருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தும்மவில்லை. நிம்மதியாய் இருந்தவர்களில் கால் பங்குக்கு மேற்பட்டோர் தும்மினர். ஆய்வு பேசுவது கூட்டத்தைப் பற்றி. கட்டிலில் கிடக்கும் இந்த ஒருவர் ஏன் நோயுற்றார் என்பதைச் சொல்லும் ஆற்றல் அதற்கு இல்லை. நாமோ கூட்டத்தின் கணக்கை எடுத்துவந்து ஒருவரின் தலையில் தீர்ப்பாக எழுதிவிடுகிறோம்.

குடற்புண்ணின் கதை இதற்கு நல்ல பாடம். செல்யேயின் எலிகளுக்கு இரைப்பையில் புண் வந்தது உண்மைதானே. மனிதருக்கும் அது கவலையால்தான் வருகிறது என்று பல்லாண்டுகள் மருத்துவர்களும் நம்பினர். நோயாளிகளிடம் பதறாதீர், கோபப்படாதீர் என்றனர். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்னும் இருவர் அப்புண்ணுக்கு ஒரு கிருமியே காரணம் என்று ஐயுற்றனர். ஆனால் ஆய்வுத் தட்டுகளில் அது வளரவே மறுத்தது. 1982 இல், உயிர்ப்புப் பெருவிழா விடுமுறையின்போது வழக்கத்தைவிட அதிக நாள் விட்டுவைக்கப்பட்ட தட்டுகளில் அது தழைத்திருந்தது. (இதில் ஆன்மீக உட்பொருள் தேடவேண்டாம், விடுமுறையின் பயன் என்று கொண்டால் போதும்.) 1984 இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இடைப்பட்ட காலமெல்லாம், சில நாள் மருந்தில் தீர்ந்திருக்கக்கூடிய நோய்க்காகத் தம் சுபாவத்தையே பழித்துக்கொண்டு வாழ்ந்தவர் எத்தனை பேரோ!

செல்யேயின் பின்னாள் வரலாறு இன்னும் கசப்பானது. புகையிலை நிறுவனங்களிடமிருந்து அவர் ஆய்வுக்குப் பணம் பெற்றது அந்நிறுவனங்களின் ஆவணங்களால் பின்னர் தெரியவந்தது. 1969 இல் கனடா நாடாளுமன்றக் குழுவின் முன் தோன்றி, நெருக்கடியைத் தணிக்கப் புகைத்தல் சிலருக்கு உதவும் என்ற கருத்தை முன்வைத்தார். புற்றுநோய்க்கும் இதயநோய்க்கும் காரணம் மனத்தில் என்றால் சிகரெட்டின்மேல் உள்ள பழி குறையுமன்றோ? ஓர் உண்மையே எவருடைய கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கேடயமாகிவிடுவதை இங்கே காண்கிறோம்.

மாறாக, சுமையை ஏற்றியது எது என்று கேட்டவர்களும் உண்டு. லண்டனில் மைக்கேல் மார்மட் முதலியோர் அரசு ஊழியர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். 1967 இல் தொடங்கிய முதல் ஆய்வில், கடைநிலை ஊழியரின் இறப்பு விகிதம் உயர் அலுவலரினுடையதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. புகைத்தல் முதலிய பழக்கங்களைக் கழித்த பின்னும் வேறுபாடு முற்றிலும் மறையவில்லை. 1985 இல் தொடங்கிய அடுத்த ஆய்வில், தம் வேலையைத் தாமே ஒழுங்குசெய்யும் உரிமை குன்றியவர்களுக்கு இதயநோய் மிகுதியாக வந்தது. கோப்புகளைச் சுமந்து ஏவலுக்கு ஓடியவரிடம் அமைதியாய் இருங்கள் என்று அறிவுரை கூறுவது எளிது. அலுவலகத்தின் ஒழுங்கை மாற்றுவது எளிதன்று.

அப்படியானால் நோயாளிக்குப் பொறுப்பே இல்லையா என்ற கேள்வி எழும்; எழவேண்டும். 1992 இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டில் 2288 ஆம் எண்ணைப் பார்க்கலாம். உயிரும் உடல்நலமும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த கொடைகள், அவற்றைப் பேணுவது கடமை என்பது அதன் ஒரு பாதி. உணவு, உறைவிடம், மருத்துவம், கல்வி, வேலை முதலியவற்றை மக்கள் பெறச் சமூகம் துணைநிற்க வேண்டும் என்பது மறு பாதி. முதற்பாதியை நாம் பிறருக்குப் போதிக்கிறோம்; மறுபாதியை யாராவது நமக்கு நினைவூட்டினால் அரசியல் பேசுகிறார் என்கிறோம். சிலுவையைச் சுமக்கச் சொல்லும் நம் அறிவுரையும் இப்படித்தான் பாதியில் நின்றுவிடுகிறது. கல்வாரிப் பாதையில் சிரேன் ஊர்ச் சீமோனின் தோளும் இருந்தது. துன்பத்தின் மீட்புப் பொருளைப் பற்றி 1984 இல் திருமடல் எழுதிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அதன் இறுதிப் பகுதியில் நல்ல சமாரியரிடம் வந்து சேர்ந்ததைப் பலர் கவனிப்பதில்லை.

ஏற்றிய கை எதுவும் இல்லாத சுமைகளும் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எலிசா எபெலும், பின்னர் 2009 இல் நோபல் பரிசு பெற்ற எலிசபெத் பிளாக்பர்னும் 2004 இல் வெளியிட்ட ஆய்வு, நாட்பட்ட நோயுள்ள பிள்ளைகளைப் பேணும் தாய்மாரைப் பற்றியது. பேணிய ஆண்டுகள் கூடக்கூட, குரோமோசோம்களின் நுனியைக் காக்கும் டெலோமியர்கள் அவர்களுடைய வெள்ளையணுக்களில் குறுகியிருந்தன. அங்கே பழிசுமத்த எவரும் இல்லை. பிள்ளையைக் குற்றம் சொல்வதா? அன்பைக் குற்றம் சொல்வதா? யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் அவரோடு பேசாமல் அமர்ந்திருந்ததுவரை நல்ல நண்பர்களாகவே இருந்தனர். காரணம் கண்டுபிடிக்க முற்பட்டபோதுதான் கெட்டது.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பிக்கார்டும் அவர் குழுவினரும் 2021 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, 14 பேரின் தலைமுடியைப் பற்றியது. முடி வளர்ந்த காலத்தையும், அவரவர் குறித்துவைத்த நெருக்கடிக் காலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். நரைத்திருந்த சில முடிகளில் நிறம் மீண்டும் திரும்பியிருந்தது. ஒருவருக்கு ஐந்து முடிகள், அவர் விடுமுறையில் சென்றிருந்த நாட்களில் கறுத்திருந்தன. முற்றும் நரைத்த தலை இப்படிக் கறுக்கும் என்று அவர்கள் சொல்லவில்லை, ஐந்து முடிகள்தாம். நோயுற்ற பிள்ளையின் அருகே ஆண்டுக்கணக்காய் விழித்திருக்கும் தாய்க்கு அப்படியொரு விடுமுறையைத் தருபவர் பெரும்பாலும் இல்லை. மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் நம் பங்குகளில் அத்தகைய வீடுகளைச் சந்திக்கத்தான் செய்கிறார்கள். செபமாலை முடிந்ததும் அவர்கள் எழுந்து புறப்படாமல், இன்னும் இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால், அந்தத் தாய் அடுத்த அறையில் சற்றே கண்ணயரலாம்.